மோட்டார் ரூமில் பதினோரு மாதம்

எனக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, மதுரையில் ஒரு தியேட்டரில் காலைக் காட்சியாக ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலப் படத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். வயது வந்தோருக்கு மட்டும் என்று போட்ட படம். எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பொம்பளை.

துணிச்சலால் போனோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

கோச்சடையில் இருந்த என் புகுந்த வீட்டில் ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு உள்ளறை. அதில் எட்டுப் பேர் இருந்தோம். என் மாமியார், அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் எனக்குப் பெரியத்தான். அவருடைய மனைவி, அவளை அக்கா என்பேன். அவர்களுடைய மூன்று பிள்ளைகள். பிறகு நாங்கள் இரண்டு பேர். புதுசாக வந்த மூன்று மாதம் உள்ளறையை எங்களுக்கு விட்டுவைத்தார்கள். அந்த அறைக்குக் கதவு கிடையாது. கரையான் அரித்துப்போய்க் கழற்றிய கதவை யாரும் திரும்பப் போடவில்லை. அத்தையின் பழைய சேலை ஒன்றுதான் தொங்கும். காற்றடித்தால் அதுவும் பறக்கும். அறுப்பு முடிந்ததும் நெல் மூட்டைகள் வந்து அந்த அறையை நிரப்பின. அதற்குப் பிறகு ஆண்கள் வாசலில் கட்டிலில், பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஐந்து பேரும் இருந்தார்கள்.

பேசக்கூட முடியாது. நான் "ஏங்க" என்று ஆரம்பித்தால் நாலு தலை திரும்பும். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று "தண்ணி" என்பார். நான் செம்பை நீட்டுவேன். அவருக்குத் தாகம் இல்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் தேனி ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்குக் கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறுவோம். கோயிலில் அரை மணி நேரம் சுற்றிவிட்டு சினிமாவுக்குப் போய்விடுவோம். என்ன படம் என்பதில் எங்களுக்குப் பெரிய அக்கறை கிடையாது. இரண்டரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், அவ்வளவுதான். பாட்டு வரும்போது அவர் என் காதுக்குள் ஏதாவது பேசுவார். மில் கேன்டீனில் என்ன சாப்பிட்டார், யாருக்கு மெஷினில் விரல் மாட்டியது, இப்படித்தான். ஒரு வாரம் சேர்த்துவைத்த பேச்சு அது.

அன்றைக்கு நாங்கள் பார்க்க நினைத்த தமிழ்ப் படத்தை எடுத்துவிட்டு, காலைக் காட்சிக்கு மட்டும் இந்த ஆங்கிலப் படத்தைப் போட்டிருந்தார்கள். வெளியே போஸ்டரில் ஒரு வெள்ளைக்கார ஆணும் பெண்ணும் ஒரு பீப்பாய்க்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தோளில் துணி இல்லை. பீப்பாய்க்குக் கீழே என்ன என்று தெரியாதபடி காகிதம் ஒட்டியிருந்தது.

டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "அண்ணே, வீட்டுக்காரம்மாவ கூட்டியாந்திருக்கீக. இது அந்த மாதிரிப் படம்ணே."

என் வீட்டுக்காரர் உடனே திரும்பி நடக்கப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்தேன். "ஏங்க, இந்த வெயில்ல வேற எங்க போறது? வீட்டுக்கா?"

வீட்டுக்கா என்று கேட்டது வேலை செய்தது. உள்ளே போனோம். ஓரமாக, கடைசிக்கு முந்திய வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கு அணைகிற வரை நான் தலையைத் தூக்கவில்லை.

நான் உசிலம்பட்டியில் பத்தாவது வரை படித்தவள். படத்தில் பேசிய இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கதை புரியாமல் போகவில்லை. நகரத்தில் அழகான ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லா வசதியும் இருக்கிறது, ஆனால் வாழ்க்கை சலித்துவிட்டது. தாடி வைத்த ஒருவன் பேச்சைக் கேட்டு, வீட்டை விற்றுவிட்டு, மலைக்காட்டில் முப்பது பேர் ஒன்றாக வாழ்கிற இடத்துக்குப் போகிறார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே கொட்டகை, ஒரே சமையல். என்னுடையது என்ற பேச்சே கூடாது. துணிமணி இருந்தால் உடுத்தலாம், இல்லாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. குளிக்கிற இடத்துக்கு மறைப்பு கிடையாது. ராத்திரி யார் பக்கத்தில் யார் படுப்பது என்பதற்குக்கூடச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்.

படம் பார்க்க வந்தவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்களோ, அது வரும்போதெல்லாம் படம் ஒரு துள்ளுத் துள்ளியது. வெட்டி எடுத்திருந்தார்கள். ஒருத்தி சட்டைப் பொத்தானில் கை வைப்பாள், அடுத்த நொடி எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். "டேய், எங்கடா போச்சு!" என்று முன் வரிசை கத்தும். நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கொஞ்ச நாளிலேயே ஆசை மாறிவிட்டது. இப்போது அவர்களுக்குத் தனியாக இருக்க வேண்டும். எங்கே போனாலும் யாராவது வந்துவிடுகிறார்கள். வைக்கோல் போருக்குள் ஒளிந்தால் கழுதை வந்து வைக்கோலைத் தின்கிறது. பரண்மேல் ஏறினால் பரண் உடைந்து, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பந்தியில், பிறந்த மேனிக்கு, ஒரு கூடையை மட்டும் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். தியேட்டரே அதிர்ந்தது.

நான் அவர் காதில் சொன்னேன். "ஏங்க, இது நம்ம வீடு மாதிரியே இருக்குல்ல? இதுக்குப் போயி காட்டுக்குள்ள வந்திருக்காக பாருங்க. கோச்சடைக்கு வந்திருந்தா போதுமே."

அவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

இடைவேளையில் விளக்கு போட்டார்கள். அவர் எனக்குக் கடலை வாங்கப் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னங்க?"

"அண்ணன்."

சோடாக் கடை பக்கம் எட்டிப் பார்த்தேன். பெரியத்தான்தான். நெற்றியில் காலையில் வைத்த விபூதி அப்படியே இருந்தது. கையில் கோலி சோடா. டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்க்கிறவர், அந்த நேரத்தில் கடையில் இருக்க வேண்டியவர். வீட்டில் ரேடியோவில் காதல் பாட்டு வந்தால் எழுந்துபோய் அமர்த்துகிறவர். நான் இருக்கிற பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்காதவர். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த அடுத்த பட போஸ்டரை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டார். நாங்களும் குனிந்துகொண்டோம்.

அவர் அப்படியே வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எங்களுக்கு மூன்று வரிசை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். படம் மறுபடி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றரை வருடம் அதே வீட்டில் இருந்தும் நான் கேட்டிராத சிரிப்பு. பெரிய, திறந்த சிரிப்பு.

கடைசியில் அந்த இரண்டு பேரும் அங்கேயிருந்து கிளம்பிவிடுகிறார்கள். ஒரு ஓட்டைக் காரில் போகிறவர்கள், வழியில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு படம் முடிந்தது. இதற்கா வந்தோம் என்று திட்டிக்கொண்டே கூட்டம் அதற்கு முன்பே வெளியேறத் தொடங்கியிருந்தது. எழுந்திருக்காமல் கடைசி வரை பார்த்தது நாங்களும் இன்னும் நாலைந்து பேரும்தான். பெரியத்தானும் இருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல், இன்னொரு வாசல் வழியாகப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் வழக்கம்போல இருந்தார். நாங்களும் வழக்கம்போல இருந்தோம். மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை மூன்று பேரும் சேர்ந்து முழுங்கினோம்.

திரும்பி வந்த பஸ்ஸிலேயே நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன், நாம் தனியாகப் போய்விடலாம் என்று. "அம்மா என்ன சொல்லும்?" என்றார். அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து அவரே ஒரு செய்தியோடு வந்தார். அவர் கூட வேலை பார்க்கிறவருக்குக் கீழக்குயில்குடியில், சமணர் மலைக்குக் கிழக்கே தோட்டம் இருந்தது. கிணற்றடியில் பம்புசெட்டுக்காகக் கட்டிய மோட்டார் ரூம். ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் இரண்டு பேர் படுக்க இடம். முன்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கிக்கொள்ளலாம். தோட்டத்துக்குக் காவலாக இருந்தால் போதும், வாடகை வேண்டாம் என்றிருக்கிறார்.

"இரும்புக் கதவு" என்றார் என் வீட்டுக்காரர். "உள்ள தாப்பா இருக்கு."

வீட்டில் அவர் அதைச் சொன்னது சாப்பாட்டு நேரத்தில். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தவர், கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டார்.

"தனிக்குடித்தனமா? என்னடா கொறை இங்க? ஊருல என்ன பேசுவாக? மருமக வந்து ரெண்டு வருசம் ஆகல, பிள்ளைய பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்னு காறித் துப்ப மாட்டாக?"

நான் அடுப்படிக்குள் நின்றேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அதுவும் மோட்டார் ரூம்புலயா? பாம்பு பல்லி கெடக்குற எடத்துலயா? யாருடா ஒனக்கு இந்தப் புத்திய குடுத்தது?"

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் தோள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அப்போது பெரியத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போகட்டும்மா."

"என்னடா சொல்ற?"

"மில்லுக்கு அங்கருந்து பக்கம். வெயில்ல சைக்கிள் மிதிச்சே மெலிஞ்சுட்டான். கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும்."

மில்லுக்கு அங்கிருந்து இன்னும் தூரம். அது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் பெரியத்தான் சொன்னால் அத்தை மறுத்துப் பேசுவதில்லை. ஆவணியில் நாங்கள் கீழக்குயில்குடிக்குப் போனோம்.

அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத வருவதில்லை. அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. காலையில் மோட்டார் போட்டதும் சுவர் அதிரும், பாத்திரங்கள் தானாக நகரும். அந்தப் படத்தில் ஆணும் பெண்ணுமாக முறைவைத்துச் சமைத்தார்கள், அதை வைத்து அவரைக் கேலி செய்தேன். "காட்டுக்கு வந்தாச்சு, ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணுதான், இன்னைக்கு நீங்க சமைங்க." அவர் விளையாட்டாக ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. இரண்டாம் ஷிப்டு வாரங்களில் காலைச் சமையல் அவருடையது. ரசம் என்று ஒன்று வைப்பார், புளித்தண்ணீரில் மிளகு மிதக்கும். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பேன். என் சேலையை அவர் தொட்டியில் துவைத்துப் பிழிவதைப் பார்த்துக் களை எடுக்க வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம், வயலில் ஆளில்லை என்று நம்பி, இரண்டு பேரும் பம்புத் தண்ணீருக்கு அடியில் நின்றோம். அந்தத் தண்ணீர் விழுகிற வேகத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கத்திக் கத்திப் பேசினோம். திரும்பிப் பார்த்தால் களை எடுக்கிற பெண்களில் மூத்தவள், மறந்துவிட்டுப் போன தூக்குச் சட்டியை எடுக்க வந்து வரப்பில் நிற்கிறாள். நான் தொட்டிக்குள் முழுகிவிட்டேன்.

"குளிங்கத்தா, குளிங்க" என்றாள் அவள். "நான் ஒண்ணும் பாக்கல. பாத்ததையும் சொல்ல மாட்டேன்." சொன்னாள். மறுநாள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. ஒருத்தி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே "குடுத்து வச்சவ" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியத்தான் சைக்கிளில் வந்தார். அக்கா கொடுத்தனுப்பிய அவரைக்காயும் ஒரு பாட்டில் ஊறுகாயும் பையில் இருந்தன. நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து சுற்றிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். சாய்ப்பை அண்ணாந்து பார்த்தார். இரும்புக் கதவைச் சாத்திப் பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தார்.

"பூச்சி பொட்டு ஏதும் வருதா?" என்று தம்பியிடம் கேட்டார்.

"இல்லண்ணே. மோட்டார் சத்தத்துக்கு ஒண்ணும் அண்டாது."

"ம்." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசித் திருவிழாவுக்கு உசிலம்பட்டி போவீகளா?"

"போகணும்ணே. இவங்க வீட்டுல கூப்பிட்டிருக்காக. ரெண்டு நாளு."

"போறப்ப சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. தோட்டத்த சும்மா போட்டுட்டுப் போகக் கூடாது. நான் வந்து பாத்துக்கிறேன்."

"நீங்க எதுக்குண்ணே அலையணும்? பக்கத்துத் தோட்டத்துக்காரரு இருக்காரு."

நான் பின்னால் நின்று என் வீட்டுக்காரர் முதுகில் கிள்ளினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். பெரியத்தான் சைக்கிள் செயினைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

"சரிண்ணே" என்றார். "நீங்களே பாத்துக்கங்க."

போவதற்கு முந்தின நாள் மோட்டார் ரூமைக் கழுவிவிட்டேன். புதுப் பாய் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். பெட்டியில் இருந்த என் கல்யாணப் போர்வையை எடுத்து மடித்து வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பேசினால் கூச்சமாக இருந்திருக்கும். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அக்கா அந்த வீட்டுக்கு வந்தபோது உள்ளறையில் அத்தையின் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தாராம். அவர் போவதற்குள் மூத்த பிள்ளை பிறந்துவிட்டது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்யாணம் என்று அத்தையிடம் சொல்லி, பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு பெரியத்தானும் அக்காவும் வந்திருக்கிறார்கள். நாங்கள் உசிலம்பட்டியிலிருந்து திரும்பியபோது வாசலில் பெரிய கோலம் இருந்தது. சாவி, சொன்ன இடத்தில், கல்லுக்கு அடியில் இருந்தது. போர்வை துவைத்து மடித்திருந்தது. ஆணியில் காய்ந்த மல்லிகைச் சரம் தொங்கியது. நான் அதைக் கழற்றவில்லை, அதுவாக உதிர்கிற வரை இருந்தது.

பங்குனியில் கோச்சடைக்குப் போயிருந்தேன். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பிழிந்து கொடுத்தேன். அத்தை உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்தாள்.

"ஏண்டி, அவருக்குப் பாட்டுப் பாட வரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"பெரியத்தானுக்கா?"

"எனக்கே தெரியாதுடி. பன்னெண்டு வருசம். சாயங்காலம் அந்தத் தொட்டி மேல உக்காந்துக்கிட்டுப் பாடுறாரு. அம்புட்டு நல்லாப் பாடுறாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நாடகத்துல எல்லாம் பாடிருக்காராம். ஏன் வீட்டுல பாடலன்னு கேட்டேன். யாருக்குன்னு பாடுறதுங்குறாரு."

அவள் முகம் சிவந்திருந்தது. முப்பத்திரண்டு வயதுக்காரி, பதினாறு வயதுப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு நாளும் நான் அடுப்பே பத்த வைக்கல. அவரே போயி பரோட்டா வாங்கிட்டு வந்தாரு. ஆறிப்போன பரோட்டா. அப்புடி ஒரு ருசிடி."

துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள், என்னைப் பார்க்காமல் கேட்டாள். "மறுபடி எப்பத்தா ஒங்க ஊருக்குப் போவ?"

"போவேங்க்கா. போறப்ப சொல்றேன்."

சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை, மறந்துவிட்டேன். சித்திரையில் போகலாம் என்று இருந்தேன், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வைகாசியில் எனக்கு வாந்தி ஆரம்பித்தது. நான் கர்ப்பமாக இருந்தேன். அவர் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். என் சந்தோஷத்தில் எனக்கு வேறு யாரும் ஞாபகத்தில் இல்லை. ஆனியில் அத்தை குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அக்கா ஒருத்தியால் மூன்று பிள்ளைகளையும் அத்தையையும் பார்க்க முடியவில்லை. ஆடி பிறப்பதற்கு முன் நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோச்சடைக்குத் திரும்பிவிட்டோம். தோட்டத்துக்காரர் மோட்டார் ரூமுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தை மூன்று வருடம் படுக்கையில் இருந்தார். என் மகள் பிறந்தாள், பிறகு மகன். வீட்டைப் பின்பக்கம் நீட்டி இரண்டு அறை கட்டினார்கள். அந்த வேலை முடிந்தபோது அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். பெரியத்தான் கடையிலிருந்து நேரத்தோடு வந்தார். உள்ளே போகாமல் எனக்குக் கொஞ்சம் தள்ளி, தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பத்து வருடத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"ஒன்னைய ஒண்ணு கேக்கணும் தாயி."

"கேளுங்கத்தான்."

"கீழக்குயில்குடிக்கு நாங்க போயிட்டு வந்தமே." அவர் தரையைப் பார்த்தார். "அதப் பத்தி அவ ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

முறத்தைக் கீழே வைத்தேன்.

"திரும்பி வாரப்ப போதும்னு சொன்னா" என்றார் அவர். "பிள்ளைக தேடும், இனிமே இந்த மாதிரி பொய் சொல்லிட்டு வர வேண்டாம்னா. அவளுக்குப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். நாந்தான் என்னமோ வயசுக்கு மீறி ஆசப்பட்டுட்டேன்னு. அதுக்கப்புறம் நான் கூப்பிடவே இல்ல. அவளும் கேக்கல."

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி அலசிக்கொண்டே அவள் சொன்னதை, பரோட்டாவை, பாட்டை, அவள் முகம் சிவந்திருந்ததை. அடுத்து எப்போது ஊருக்குப் போவாய் என்று அவள் கேட்டதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதையும் சொன்னேன். நான் போகாமல் விட்டதையும் சொன்னேன்.

"கேட்டாளா?" என்றார்.

"கேட்டாக."

"அவளாவா கேட்டா?"

"அவுகளாத்தான் கேட்டாக, அத்தான்."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிற சத்தம் வரவில்லை. நான் எழுந்து உள்ளே போக நினைத்தேன், ஆனால் அவரை அப்படித் தனியாக விட்டுவிட்டுப் போக முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"எந்தப் பாட்டுன்னு சொன்னாளா?"

"இல்லத்தான். சொல்லல."

தலையை ஆட்டினார். அவரும் சொல்லவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "அரிசியப் பாரு தாயி, குருவி கொத்துது" என்று சொல்லிவிட்டு, கொல்லைப் பக்கம் போனார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கை கால் கழுவிக்கொண்டிருந்தவர் செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாசிக்கப்புறம் நாம அங்க எம்புட்டு நாளு இருந்தோம்?" என்றார்.

"நாலு மாசத்துக்கு மேல."

"நாலு மாசம்." செம்பைக் கீழே வைத்தார். "ஒரு ஞாயித்துக்கெழம நாம எங்கயாச்சும் போயிருக்கலாம்டி. சும்மா பெரியாஸ்பத்திரி பக்கமாவது போயி உக்காந்துட்டு வந்திருக்கலாம்."

கொல்லையில் பெரியத்தான் வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி மகளை அனுப்பினேன்.